விலை பேசித் தீராத பெஞ்சு

பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடைப்பதற்குப் பதுளையில் விலை எழுபத்தையாயிரம் ரூபாய். அந்த விலைக்கு ஒரு பெஞ்சையும் சேர்த்தே கொடுக்க புவாத் ஹாஜியார் தயாராக இருந்தார். வீட்டு வாசலில் அவர் தொங்கவிட்ட அட்டையில் பெஞ்சைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தது. கீழே 'விலை பேசலாம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

ஹாஜியார் தச்சர் இல்லை. பஸார் வீதியில் முப்பது வருடத்துக்கு மேல் ஹார்ட்வெயார் கடை நடத்தியவர். வழி கேட்டு வந்தவனுக்கும் ஒரு சோடி கதவுப் பிணைச்சலை விற்று அனுப்பியவர். மகன் ரிப்கான் கடையை எடுத்த பிறகு கம்பியூட்டர் வந்தது, சாமானில் எல்லாம் கோடு கோடாக ஸ்டிக்கர் வந்தது, வாசலில் 'ஒரே விலை' என்று பலகை வந்தது. ஹாஜியார் கதவோரம் கதிரை போட்டு உட்கார்ந்து, பெயின்ட் வாளிக்கு ஸ்டிக்கரில் இருப்பதைவிட முந்நூறு கூட்டிச் சொல்லி, அரை மணி நேரம் வாதாடி, உங்க முகத்துக்காக என்று முந்நூறைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கியவனுக்கும் சந்தோஷம், விற்றவருக்கும் சந்தோஷம். பின்னால் பில் போட நின்றவர்களுக்குத்தான் இல்லை. ஒரு நாள் ரிப்கான் மிகவும் மரியாதையாக, "வாப்பா, நீங்க இனி வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றான். கடை ஷட்டரை இறக்கும் சத்தம் ஹாஜியாருக்குப் பழக்கமானது. அன்று அதைத் தனக்குள்ளேயே கேட்டார்.

வீட்டில் ரெஸ்ட் மட்டும்தான் இருந்தது. மனைவி ஸிஹாமா, மகள் றின்ஸாவின் பிள்ளைப்பேற்றுக்கு நாற்பது நாள் என்று சொல்லி தெஹிவளைக்குப் போனவள். அந்தப் பிள்ளை இப்போது நேர்சரிக்குப் போகிறது. மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடியோவில் வருவாள். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். பிறகு பேரப்பிள்ளையின் நெற்றி தெரியும். பிறகு ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு எல்லோரும் எங்கேயோ போய்விடுவார்கள். தெஹிவளை வீட்டு மின்விசிறியில் எந்த இறக்கையில் தூசி அதிகம் என்பது ஹாஜியாருக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில்தான் மரவேலை வீடியோக்கள் அவர் கண்ணில் பட்டன. விசாரித்தால், மாகாணத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. வட்ஸ்அப்பில் 'ஊவா ஞாயிறு தச்சர்கள்' என்று ஒரு குழு. பண்டாரவளையில் ஒரு பல் வைத்தியர், இரண்டு பேங்க்காரர்கள், பசறையில் ஓர் இங்கிலிஷ் மாஸ்டர். கிழமை முழுக்க வேறு வேலை, சனி ஞாயிறில் வாளும் சீவுளியும். பேச ஆட்கள் கிடைப்பார்கள் என்று நம்பித்தான் ஹாஜியார் சேர்ந்தார். சேர்ந்த பிறகுதான் விளங்கியது, ஒவ்வொருவரும் அவரவர் கராஜில் தனியாக நின்று, மூக்கை மூடி, காதையும் மூடிக்கொண்டு செய்யும் வேலை அது. இவர் படம் போட்டால் மஞ்சள் கட்டைவிரல் ஏழெட்டு வரும். கட்டைவிரலுக்கு தேத்தண்ணி ஊற்ற முடியுமா?

இருந்தும் கை சும்மா இருக்கவில்லை. மகன் கடையிலேயே மின்சார வாள் வாங்கினார். காசாளர் பையன் ஸ்டிக்கர் விலைக்கே பில் போட்டான். விலைக்காக ஹாஜியார் மனம் நோகவில்லை. ஒரு வார்த்தை பேரம் பேச விடவில்லையே என்றுதான். முதலில் செய்த செருப்பு ராக்கை சுவரில் சாய்த்தால்தான் நிற்கும். அடுத்து செய்த குட்டி மேசை, தொழுது எழும்பும் கிழவனைப் போல முனகும். மூன்றாவதுதான் இந்தப் பெஞ்சு. நல்ல டர்பன்டைன் மரப் பலகை, சாய்மானம், இரண்டு பக்கமும் பிடித்து எழும்பக் கைகள். ஆனால் கால்களை அறுக்கும்போது மேல்பலகையின் கனத்தைக் கழிக்க மறந்துபோனார். பிழைக்கு இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கூட விட்டார். இழைத்துப் பூட்டி ஏறி உட்கார்ந்தால், பெரிய மனிதனின் காலும் நிலத்தில் முழுதாகப் படாமல் தொங்கியது. அதோடு முன்னங்கால் ஒன்று மற்ற மூன்றையும்விடக் குள்ளம்.

படத்தைப் பார்த்த பல் வைத்தியர், நான்கு காலிலும் நான்கு அங்குலம் அறுத்துவிடுங்கள், ஒரு மணி நேர வேலை என்று எழுதினார். ஹாஜியார் அவருக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினாரே ஒழிய, அறுக்கவில்லை. குறையே இல்லாத சாமானுக்கு முன்னால் வாடிக்கைக்காரன் நிற்க மாட்டான். ஒன்று வாங்குவான், இல்லையென்றால் போவான். குறை கண்டுபிடித்தவன் மட்டும் நின்று பேசுவான். குள்ளக் காலுக்குக் கீழே ஓர் அட்டைத்துண்டை மடித்துச் செருகி, அதன் முனை வெளியே தெரியும்படி விட்டார். வெளியில் சொல்லும் விலை எழுபத்தையாயிரம். உண்மையான விலை, சாமான் காசும் கூலியாக ஒரு சின்னத் தொகையும், பதினையாயிரம். அந்த எண்ணை மனதின் அடிப்பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

மே மாதத்தில் வந்தவர் தம்பையா. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளைச் சந்தைக்கு வந்து, மரக்கறிப் பையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் அவருக்கு மிச்சம். பெஞ்சைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அட்டைத்துண்டைக் கண்டார். ஹாஜியாரின் நெஞ்சு குளிர்ந்தது.

"கால் ஒண்ணு நொண்டியா இருக்கே மொதலாளி."

"நொண்டி இல்ல, நிலந்தான் சரியில்ல. உக்காந்து பாருங்க."

தம்பையா ஏறி உட்கார்ந்தார். பெஞ்சின் கையைப் பிடித்து எழும்பினார். மறுபடியும் உட்கார்ந்து எழும்பினார். பிறகு பன்னிரண்டாயிரம் என்றார். ஹாஜியார் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழும்பி நின்றது. இருங்க என்று உள்ளே போய் இஞ்சி போட்ட பிளேன்டீ இரண்டு கொண்டுவந்தார். பேரம் பேச உட்கார வேறு இடம் இல்லாததால் இருவரும் அந்தப் பெஞ்சிலேயே கால் தொங்க உட்கார்ந்து, அந்தப் பெஞ்சையே குறை சொன்னார்கள்.

அதன் பிறகு ஞாயிறு என்றால் தம்பையாதான். வந்ததும் பெஞ்சுக்கு ஒரு பழி சொல்வார், ஹாஜியார் ஒரு பதில் சொல்வார். அவர் ஆயிரம் ஏறுவார், இவர் ஆயிரம் இறங்குவார். அந்த வேகத்தில் போனால் இரண்டு விலையும் ஒன்றையொன்று சந்திக்க இந்த வருடம் போதாது என்று ஹாஜியார் கணக்குப் பார்த்துத் திருப்திப்பட்டிருந்தார். நடுவில் எல்லாக் கதையும் வரும். மண்சரிவு அறிவித்தல், மாவு விலை, தம்பையாவின் மகன் கொழும்பில் கடையில் நிற்கும் கதை, ஸிஹாமா எப்போது வருவாள் என்ற கதை. சனிக்கிழமை பின்னேரமே ஹாஜியார் இஞ்சி வாங்கி வைத்துவிடுவார்.

தம்பையா தன் மனைவி அங்கம்மாவைப் பற்றியும் சொன்னார். கொழுந்து எடுத்து எடுத்து முழங்கால் தேய்ந்துபோனது. கீழே உட்கார்ந்தால் எழும்ப முடியாது. சாதாரணக் கதிரையும் அவளுக்குப் பதிவு, உயரம் காணாது. செங்கல்லுக்கு மேல் பிளாஸ்டிக் கதிரையை வைத்துப் பார்த்ததில் அது வழுக்கி, விழுந்து, இடுப்பும் போனது. உயரமாக ஒன்று செய்து தரச் சொல்லித் தோட்டத்துத் தச்சுப் பாஸிடம் கொடுத்த முற்பணத்தோடு அந்த மனிதன் வேறு ஊருக்கு வீடு கட்டப் போய்விட்டான். பெரும்பாலும் அவள் கட்டிலிலேதான் கிடக்கிறாள்.

ஹாஜியார் மெச்சிக்கொண்டே கேட்டார். கடையில் இந்த வித்தையை எத்தனை பேர் காட்டியிருப்பார்கள்! பூட்டு வாங்க வருகிறவனுக்குத் தாய் ஆஸ்பத்திரியில் இருப்பாள், ஆணி வாங்க வருகிறவனுக்குக் கூரை நேற்றுத்தான் பறந்திருக்கும். ஆனால் இந்த மனிதனைப் போல முழங்காலையும் செங்கல்லையும் பாஸையும் இப்படிக் கோர்வையாக அடுக்கியவன் இல்லை. ஆள் கெட்டிக்காரன் என்று எண்ணி, அதற்காகவே அன்று இரண்டாயிரம் இறங்கினார்.

ஒக்டோபரில் தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. ஹாஜியார் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்த நேரம் வாசலில் ஒரு சின்ன லொறி நின்றது. தம்பையா இறங்கினார். கையில் மரக்கறிப் பை இல்லை. பெஞ்சுக்குப் பழியும் சொல்லவில்லை, உட்காரவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட பணக்கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நாப்பது இருக்கு மொதலாளி. மகன் அனுப்புனதும் மருமகளோட தீவாளி அட்வான்சும். இதுக்கு மேல ஒரு சதம் இல்ல."

ஹாஜியார் அந்தக் கட்டைப் பார்த்தார். வாய், முப்பது வருடப் பழக்கத்தில், தானாகவே திறந்தது.

"நாப்பதுக்குக் கட்டாது. அடுத்த ஞாயிறு வாங்க, பாப்பம்."

"அடுத்த ஞாயிறு வர ஏலாது. நாளைக்கு அவள ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு விடுறாங்க. மறுபடியும் விழுந்துட்டா. இனி தனியா விட்டுட்டு நான் எங்கயும் வரப்போறதில்ல." அவர் பணக்கட்டைச் சட்டைப் பையில் திரும்ப வைத்தார். "கட்டாதுன்னா சரி. கோவிச்சுக்காதீங்க."

அவர் கேட்டை நோக்கி நடந்தார். போகிற வாடிக்கைக்காரன் வாசற்படியில் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். அந்த இடத்தில்தான் விற்பவன் அடுத்த விலையைச் சொல்ல வேண்டும். ஹாஜியார் அந்தத் திரும்பலுக்காகக் காத்திருந்தார். தம்பையா திரும்பவில்லை. லொறிக் கதவைத் திறந்து, ஒரு காலையும் ஏற்றிவிட்டார். அப்போதுதான் ஹாஜியாருக்கு விளங்கியது: அங்கம்மாவின் முழங்கால் வித்தை இல்லை. நிஜமான முழங்காலாகவே இருந்திருக்கிறது.

"தம்பையா," என்றார். "பதினஞ்சாயிரம் தாங்க. அதுதான் இதுட விலை."

தம்பையா காலை இறக்கினார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று ஹாஜியார் நினைத்திருந்தார். வரவில்லை.

"இன்னிக்கு விலையா? இல்ல, எப்பவுமே அதுதானா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. கடைக்காரனுக்கு ஒரு நொடி தாராளம்.

"எப்பவுமே அதுதான்."

"நான் ரெண்டாவது மாசமே இருவதுக்குக் கேட்டேனே."

"கேட்டீங்க."

"அப்ப ஏன் குடுக்கல?"

குடுத்தா நீங்க வர மாட்டீங்க என்பதுதான் பதில். ஒரு ஆணிக்குக்கூட நூறு காரணம் சொல்லி விற்றவர், விற்பனைக்கு இல்லாத இந்த ஒன்றை மட்டும் உள்ளேயே வைத்துக்கொண்டார். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் வாசல்வரை வந்தது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்று மட்டும் சொன்னார்.

தம்பையா ரப்பர் வளையத்தைக் கழற்றினார். ஒவ்வொரு தாளாக எண்ணினார், இரண்டாம் தரமும் எண்ணினார். பதினையாயிரத்தைப் பெஞ்சின் கைமேல் வைக்காமல், ஹாஜியாரின் கையிலேயே கொடுத்தார். அது கோபமா, வேறு ஏதாவதா என்று கேட்க அவருக்குத் தெரிந்த பாஷை போதவில்லை.

லொறிக்காரனும் தம்பையாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அட்டைத்துண்டு நிலத்திலேயே கிடந்தது. ஹாஜியார் பதறிப்போய், குள்ளக் காலைச் சரிப்படுத்தப் பத்து நிமிடம் போதும், ஒரு கட்டை வைத்துத் திருகித் தருகிறேன், பெஞ்சு ஆடினால் அவங்க மறுபடியும் விழுந்திடுவாங்க என்று வாளை எடுக்க ஓடினார். தம்பையா கயிற்றை இறுக்கிக்கொண்டே தடுத்தார்.

"வேணாம் மொதலாளி. எங்க வீட்டுத் தரையும் மட்டமில்ல. எந்த எடத்துல வைக்கணும்னு எனக்குத் தெரியும்."

லொறி ஸ்பிரிங்வெளிப் பாதையில் திரும்பும்வரை ஹாஜியார் நின்றார். பெஞ்சு இருந்த இடத்தில் சீமெந்து கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. உள்ளே போய் அடுப்பை அணைத்தார். தண்ணீர் முக்கால்வாசி வற்றியிருந்தது. ஃபோனில் பல் வைத்தியர் புதிதாகச் செய்த புத்தக அலுமாரியின் படம் வந்திருந்தது, கட்டைவிரல் அனுப்பினார். ரிப்கானுக்கு எடுத்து, பெஞ்சு போய்விட்டது என்றார். அவன் எவ்வளவுக்கு என்று கேட்டு, லாபம்தானே வாப்பா என்று சந்தோஷப்பட்டு, கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிட்டான்.

லாபம்தானா என்று ஹாஜியார் வெறும் வாசலில், கதிரையும் இல்லாமல், படியில் உட்கார்ந்து மனதில் கூட்டிப் பார்த்தார். பலகை எட்டாயிரத்து அறுநூறு. திருகாணியும் பசையும் ஆயிரத்து நானூறு. வார்னிஷ் இரண்டாயிரத்து இருநூறு. மொத்தச் செலவு பன்னிரண்டாயிரத்து இருநூறு. வரவு பதினையாயிரம். கையில் மிச்சம் இரண்டாயிரத்து எண்ணூறு. அங்கம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, அவள் கட்டிலில் கிடந்த மே மாதத்திலிருந்து ஒக்டோபர் வரை.