அடுப்புச் சுவர் ஓரத்து முளைப்பாரி

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்த பிறகு மூன்றாவது பங்குனி. துரை ஓடிப்போய்விட்டார், தொழிற்சாலை பூட்டிக் கிடந்தது. கொழுந்து கிள்ளாத தேயிலைச் செடி சும்மா இருக்குமா? ஆள் உயரத்துக்கு வளர்ந்து, மலைச்சரிவு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. அடைமழை ஓய்ந்திருந்தது. மூடுபனி காலையிலேயே விலகி, முதுகில் இதமாக வெயில் விழுந்தது. வயிற்றில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறொன்றும் இல்லாவிட்டாலும் லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களுக்கு எங்கிருந்தோ ஒரு குதூகலம் வந்துவிட்டது. ஆண்கள் தொழிற்சாலை வாசலில் சடுகுடு ஆடினார்கள். பெண்கள் மாரியம்மனுக்கு முளைப்பாரி போட்டார்கள்.

மணியம்மாவுக்கு மட்டும் அந்தக் குதூகலம் வரவில்லை. காரணம், பக்கத்து வீட்டுச் செல்லம்.

செல்லத்தின் புருஷன் சின்னையாவை ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போட சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு சேதியும் இல்லை. அன்றிலிருந்து லயமே அவளைத் தாங்கியது. தாங்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் மணியம்மாவின் புருஷன் இருளப்பன் எதற்குத் தாங்க வேண்டும்? சாயங்காலம் ஆனால் போதும், கோடாலியைத் தூக்கிக்கொண்டு செல்லத்தின் வாசலுக்குப் போய் விறகு பிளந்தான். சொந்த வீட்டு விறகுக்குப் பத்துத் தரம் சொன்னாலும் அசையாத மனுஷன்! கேட்டால், "பாவம்டி, தனியா கெடக்கு" என்பான். அதைக் கேட்கும்போதெல்லாம் மணியம்மாவுக்கு வயிறு எரியும். சின்னையா நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று அந்த லயத்திலேயே அதிகமாக உருகி வேண்டிக்கொண்டவள் மணியம்மாதான்.

இந்த லட்சணத்தில் முளைப்பாரி வேறு வந்தது.

தின்னவே இல்லாத காலத்தில் பதுக்கி வைத்திருந்த பச்சைப்பயறை ஆளுக்கு ஒரு பிடி எடுத்தார்கள். மலைக்கு மண்பானை வருவது நின்றுபோனதால், மண்ணெண்ணெய்த் தகரங்களைப் பாதியாக வெட்டி, மண்ணும் எருவும் நிரப்பி விதைத்தார்கள். எல்லாத் தகரங்களும் ஒன்றுபோலவே இருந்தன. ஆள் இல்லாத வீடு ஒன்றில் அவற்றை வைத்து, சன்னலைச் சாக்கால் அடைத்தார்கள். அங்கே விளக்கு ஏற்றக்கூடாது, முளையைத் தொடக்கூடாது. இருட்டிலேயே தண்ணீர் தெளிக்க வேண்டும். முளை செழித்தால் அந்த வீடு செழிக்கும், கருகினால் அந்த வீட்டு ஆளுக்கு ஆகாது என்பது நம்பிக்கை.

வருஷா வருஷம் ஊர்வலத்தில் முதல் முளைப்பாரி எடுத்து முன்னால் போகிறவள் மணியம்மா. அந்த உரிமையில் அவள் தகரம் வீட்டின் நடுவில் உட்கார்ந்தது. கடைசியாக வந்த செல்லத்துக்கு மூலைதான் கிடைத்தது. அந்த மூலைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு வேலாயியின் அடுப்பு எரிகிறது என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு வேலாயிக்கு. நாலைந்து நாள் போனதும் அவள் வெளியே வந்து, முளையில் மூச்சுப் படாமல் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டுச் சொன்னாள்:

"செல்லத்தோட முள எப்படி வந்துருக்குங்கிற! உன்னோடது குளிர்ல குறுகிப்போச்சு மணியம்மா. இந்த வருசம் அதுதான் முன்னால போகணும்போல லா."

பக்கத்தில் நின்ற இருளப்பன் சும்மா இருந்திருக்கலாம். "அது கைராசிக்காரப் புள்ள" என்றான்.

அவ்வளவுதான். திருவிழாவுக்கு முன்தினம் மாலை எல்லோரும் கோயில் வாசலில் கும்மி கொட்டிக்கொண்டிருந்தபோது மணியம்மா நழுவினாள். அடுப்பில் மரவள்ளி கொதித்துக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரை அப்படியே சட்டியில் வடித்தாள். முளைப்பாரி வீட்டுக்குள் நுழைந்து, இருட்டில் சுவரைத் தடவி, வேலாயியின் அடுப்புச் சூடு ஏறிய மூலையைக் கண்டுபிடித்தாள். அதன் ஓரமாக இருந்த தகரத்தில் ஆவி பறக்க ஊற்றினாள்.

திரும்பி வந்து எல்லோரையும்விடப் பலமாகக் கை கொட்டினாள். நாலு சுற்று வந்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. அந்த முளை சின்னையாவுக்காகப் போட்டது அல்லவா? அது கருகி, அவன் வராமலே போய்விட்டால்? இருளப்பன் ஆயுசு முழுக்க அங்கேயே விறகு பிளப்பானே! அதற்கும் அப்பால், இதுவரை எட்டிப் பார்க்காத ஒரு பயம் அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. ஒரு மனுஷன் உயிரோடு வருவதும் வராததும் தன் சட்டித் தண்ணீரில் இருந்ததோ என்று நினைத்தபோது கும்மியில் தாளம் தப்பினாள்.

விடிந்ததும் தகரங்களை வெளியே எடுத்தார்கள். நடுவில் இருந்தது முழங்கை உயரத்துக்கு மஞ்சளாக வளர்ந்து நின்றது. அடுப்புச் சுவர் ஓரத்தில் இருந்தது வெந்து, படுத்து, நாறிக் கிடந்தது.

"ஐயோ செல்லம், உன் முளைக்கு என்னடி ஆச்சு!" என்று மணியம்மா முதல் ஆளாக அலறினாள்.

செல்லம் தகரத்தின் அருகே வந்தாள். "அக்கா, அது உங்களோடது" என்றாள். "உங்க முள குளிர்ல வாடுதேன்னு முந்தாநேத்து வேலாயிக்கா கூடப் போனப்ப நான்தான் எடம் மாத்தி வச்சேன். ரெண்டு நாள் சூட்டுல இருந்தா ஏறிக்கும்னு நெனச்சேன்."

கருகியது இருளப்பன் வீட்டு முளை. எல்லார் கண்களும் அவன் மேல் போய்த் திரும்பின. சயாமுக்கு இன்னும் ஆள் பிடிக்க வரப்போகிறார்கள் என்ற பேச்சு ஏற்கெனவே தோட்டத்தில் இருந்தது.

செல்லம் குனிந்து வெந்த தகரத்தைத் தூக்கினாள். விளிம்பில் மரவள்ளிக் கஞ்சி வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு மணியம்மாவைப் பார்த்தாள். முந்தானையால் விளிம்பைத் துடைத்தாள்.

"நீங்க என்னோடத எடுத்துக்கிட்டு முன்னால போங்க அக்கா. நான் இத எடுத்துக்கிறேன்."

மணியம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முளையும் அவளுக்கு, கைராசியும் அவளுக்கு, கடைசியில் இந்த நல்ல பேரும் அவளுக்கேவா? வெந்த முளை செல்லத்தின் தலையில் ஏறினால் சயாமில் இருப்பவன் கதி என்ன?

"குடுடி அத!" என்று தகரத்தைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "என் வீட்டுது. நான் சொமந்துக்கிறேன். நீ முன்னால போ."

செல்லம் முதல் முளைப்பாரியோடு போனாள். பூத்த தேயிலைக்கு நடுவே மஞ்சள் முளை ஆடி ஆடிப் போனது. கடைசியில் மணியம்மா நடந்தாள். 'பாவம் மணியம்மா' என்று வழியெல்லாம் சொன்னார்கள். அந்தப் 'பாவம்' தனக்கு வந்தும் அவளுக்கு இனிக்கவில்லை. ஆற்றில் தகரத்தைக் கவிழ்த்தபோது, "தாயே, செஞ்சது நான். அந்த மனுசன் மேல வச்சிராத. இந்த மனுசன் மேலயும் வச்சிராத" என்று வாய்க்குள் சொன்னாள்.

சாயங்காலம் கோடாலிச் சத்தம் கேட்டது. செல்லத்தின் வாசலில்தான்.

மணியம்மா எழுந்து போனாள். பிளந்த விறகை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கத் தொடங்கினாள். செல்லம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இருளப்பன் கோடாலியை நிறுத்தினான். "நீ எதுக்கு இங்க வந்த?"

"உங்களப் பாத்துக்கிட்டு இருக்கத்தான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டையை அவன் முன்னால் எடுத்து வைத்தாள்.