உறவுமுறை என்ற கட்டம்

காலையில் முதல் குதி ஊழியருடையது. கயிறு தாங்குகிறதா என்று வாடிக்கையாளரை வைத்தா சோதிக்க முடியும்? மற்றவர்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள். அதனால் எட்டு மாதமாக அது அவன் தலையில் விழுந்திருந்தது. அவனும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

கைவிட்ட கல்குவாரியின் விளிம்பில் இரும்பு மேடை, கீழே பச்சைத் தண்ணீர்; காலில் ரப்பர் கயிறு கட்டித் தலைகீழாகக் குதிக்கும் பஞ்சி ஜம்பிங். சூரப்புலிகள்தான் குதிக்க வருவார்கள் என்று வேலைக்குச் சேர்ந்தபோது நினைத்திருந்தான். வந்தவர்களோ பல் டாக்டர், வங்கி குமாஸ்தா, முந்தாநாள் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பெண், ஓய்வுபெற மூன்று மாதமே இருந்த கணக்கு வாத்தியார். வாரம் முழுக்க நாற்காலியை விட்டு எழாதவர்கள். எடை பார்த்துப் புறங்கையில் மார்க்கரால் எழுதினால், பரீட்சை மார்க் மாதிரி அதை உற்றுப் பார்ப்பார்கள். குதித்து வந்ததும் அழுவார்கள். அப்புறம் பசிக்கிறது என்பார்கள்.

அவனுக்குப் பசிப்பதில்லை. பயமும் விட்டுப்போயிருந்தது.

குதிப்பது யாராக இருந்தாலும் படிவம் நிரப்ப வேண்டும். அன்று அவன் நீட்டிய படிவத்தை அலுவலக அக்கா வாங்கவில்லை.

"உட்காரு. இன்சூரன்ஸ்காரங்க எல்லா நம்பரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாங்க. நேத்து உன்னோடதைக் கூப்பிட்டேன்."

'அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்' என்ற வரியில் அவன் மனைவியின் பெயரும் எண்ணும் இருந்தன. மூளைக்காய்ச்சலில் நான்கே நாளில் அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம். கை தன்பாட்டில் எழுதிவிடுகிறது.

"யாரும் எடுத்திருக்க மாட்டாங்களே."

"ஒரு அம்மா எடுத்தாங்க. இங்கேயிருந்து பேசறேன்னதும், மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு ஒரே அழுகை. ஒண்ணும் ஆகலைன்னு நம்ப வைக்கறதுக்குள்ள எனக்குத் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு."

மாமியார். மகளின் போனை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். அவன் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்தே ஏழு மாதம் இருக்கும்.

"உயிரோட இருக்கற ஒருத்தர் பேரு வேணும். இல்லேன்னா மேடை ஏற முடியாது. ஏறாதவனுக்கு இங்க வேலையும் கிடையாது."

"உங்க பேரையே போட்டுக்கங்களேன்."

"எனக்கு வீட்டுல ஏற்கெனவே ரெண்டு தண்டச்சோறு இருக்கு. போய்ப் பேசிட்டு வா."

வெளியே வந்து மனைவியின் எண்ணை அழுத்தினான். முதல் மணியிலேயே மாமியார் எடுத்தாள்.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"அத்தை, ஒரு ஃபார்ம். உங்க பேரை எழுதலாமான்னு..."

"எதுக்கு? உங்களைத் தூக்கிட்டுப் போனா எனக்குத் தகவல் சொல்லவா?"

அவன் கையிலிருந்த படிவத்தைச் சுருட்டினான்.

"அந்த மாதிரி போன் ஒரு தடவை எடுத்தாச்சு. இன்னொண்ணு என்னால ஆகாது." பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. "எழுதிக்கங்க. நம்பரை மாத்த வேணாம், இது எப்பவும் என் கையிலதான் இருக்கு. ஆனா குதிச்சு முடிச்சதும் நீங்களே கூப்பிடணும். அதுவரைக்கும் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்."

"தினமுமா?"

"தினமும் குதிக்கறது யாரு, நானா?"

திரும்பப் போய்ப் பெயரை அடித்து மாமியார் பெயரை எழுதினான். உறவுமுறை என்ற கட்டத்தில் 'மனைவி'யை அடிக்கத்தான் நேரம் பிடித்தது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேடையில் கயிறு கட்டுகிறவனுக்கு 'முடிச்சு' என்று பட்டப்பெயர். கணுக்கால் பட்டையை இறுக்கி, போ என்று தலையசைத்தான்.

"இன்னொரு தடவை இழுத்துப் பாரு."

"எட்டு மாசமா குனிஞ்சுகூடப் பார்க்க மாட்டியே. என்ன வந்துச்சு உனக்கு?"

"பாருடா."

முடிச்சு முணுமுணுத்தபடி இழுத்துப் பார்த்தான். அவன் விளிம்புக்கு நகர்ந்தான். கீழே தண்ணீரை எட்டிப் பார்த்தான். குதித்தான்.

கயிறு இரண்டு முறை மேலே சுண்டி, பிறகு தலைகீழாக ஆட்டியது. குதித்தவர்களைக் கயிற்றிலிருந்து இறக்கிக் கரைசேர்க்கும் படகுக்காரர் கொட்டாவி விட்டபடி சாவகாசமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் வாங்கண்ணே," என்றான். "அங்க அடுப்பு பத்த வைக்கணும்."