காங்காணியின் வெள்ளைக் கோட்டு

மனுஷனுக்கு வெட்கம் கெட்டால் எவ்வளவு தூரம் கெடும் என்பதைக் கருப்பாயி அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பார்த்தாள். திங்கட்கிழமை அவள் புருஷன் லெட்சுமணனை இரும்புக் கம்பியால் அடித்த காங்காணி ஐயாசாமி, மறுநாள் தன் வெள்ளைக் கோட்டை அவளிடமே துவைக்க அனுப்பியிருந்தான்.

கொண்டுவந்தவள் காங்காணியின் மனைவி வெள்ளையம்மா. கூலிக்காரர்களின் லயத்து வீட்டு வாசலில் நின்றபடியே நீட்டினாள். உள்ளே லெட்சுமணன் குப்புறப் படுத்து முனகிக்கொண்டிருந்தது அவள் காதில் விழாத மாதிரி இருந்தாள்.

"துருக்கறை. வெள்ளிக்கிழமை லேபர் ஆபீசுத் தொரை வர்றாங்கல்ல, அவர் இதைத்தான் போடணும்ங்கிறாரு. உன் கைக்குத்தான் போகும்னு சொல்லி அனுப்பினாரு."

கருப்பாயி கோட்டை விரித்தாள். அக்குளிலிருந்து இடுப்புவரை விரல் கனத்துக்கு ஒரு செங்கோடு. மழையில் நனைந்த கம்பியை இடுக்கிக்கொண்டு நடந்தால் விழுகிற கோடு. அதே கனத்தில், அதே நிறத்தில் மூன்று கோடுகள் லெட்சுமணன் சட்டையின் முதுகிலும் இருந்தன. அந்தச் சட்டையை அவள் இன்னும் தண்ணீரில் போடவில்லை.

"வெள்ளிக்கிழமை காலைல நானே கொண்டாந்து தர்றேன்க்கா." அவள் குரல் நடுங்கியது. வெள்ளையம்மா அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு போனாள்.

லெட்சுமணன் செய்த குற்றம் இவ்வளவுதான். மழை கொட்டியதும் ரப்பர் பால்வெட்டை நிறுத்திவிட்டுப் புகைக்கூடத்தில் ஒதுங்கினான். "நான் சொல்லுமுன் எவன்டா ஒதுங்கச் சொன்னது" என்று கேட்டுக்கொண்டே ஐயாசாமி வாசலில் மழையில் கிடந்த கம்பியை எடுத்தான். இப்போது லெட்சுமணனுக்கு வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. அவன் குடித்துவிட்டுச் சாக்கடைக் கானில் விழுந்தான் என்று காங்காணி கதை கட்டிவிட்டான். பத்துப் பேர் பார்த்தார்கள். பத்துப் பேருக்கும் அன்றைக்கென்று கண் அவிந்துபோயிற்று. கூலிக்காரர் குறை கேட்க வருகிற லேபர் துரையும் அதையே எழுதிக்கொண்டு போனால், கை விளங்காதவனைத் தோட்டத்தைவிட்டுத் துரத்த ஒரு நாள் ஆகாது.

பொந்தியான் சாலையின் ஆறாவது மைலில் இருந்த அந்த ஆறாங்கட்டைத் தோட்டத்தில் துணிக்கொடி எல்லாம் இரும்புக் கம்பிதான். மழைக்காலத்தில் துருப் படாத துணி கிடையாது. பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரப் பெண் ஒருத்திதான் கருப்பாயிக்குக் கைவைத்தியம் சொல்லிக்கொடுத்தாள். புளிக்கிற பெலிம்பிங் காயை நசுக்கி, உப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் வைத்து அலசினால் கறை இருந்த இடம் தெரியாது. கருப்பாயி அதை லயம் முழுக்கச் சொல்லிவைத்தாள். கூடவே ஒன்றை மறக்காமல் சொல்வாள். "சலவைச் சோடா மட்டும் போட்டுறாதீங்கடி. போட்டு வேகவெச்சா, கறை நூலுக்குள்ள போய் உக்காந்துக்கும்."

பறித்து வந்த ஆறு காய்கள் தட்டில் இருந்தன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துவைச்சுக் குடுத்துரு புள்ள," என்றான் லெட்சுமணன். "நாம இங்கதான இருக்கணும்."

"இருக்கணும்னுதான்யா பாக்குறேன்."

அடித்ததைக்கூடக் காலப்போக்கில் அவள் மறந்திருப்பாள். அடித்த கறையை, அடிபட்டவன் பெண்டாட்டி கையாலேயே கழுவச் சொன்னான் பாருங்கள், அதை அவளால் மறக்க முடியாது. இவளுக்கு ரோஷம் என்று ஒன்று இருக்கும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. அவள் காய்களை மீன் குழம்புக்கு ஒதுக்கிவைத்தாள். அடுப்பில் துணி வேகவைக்கிற தகர டின்னை ஏற்றி, சோடாப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

வெள்ளிக்கிழமை ஆபீசு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் லேபர் துரை. வெள்ளைக்காரர்தான், ஆனால் தமிழ் படித்தவர். லெட்சுமணன் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். ஐயாசாமி கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு நின்றான். அந்த எரிச்சல் அவன் முகத்திலேயே தெரிந்தது. இவனைக் கம்பியால் அடித்தாயா என்று துரை கேட்டார்.

"கம்பியா? அவன் குடிச்சிட்டு விழுந்தானுங்க. நான் இரும்பையே தொடலீங்க தொரை. அன்னிக்கு என் கையில இருந்தது மூங்கில் பிரம்பு."

துரை எழுதிக்கொண்டார். கருப்பாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கஞ்சி போட்டு, பெட்டி தேய்த்து மடித்த கோட்டை நீட்டினாள்.

"காங்காணியய்யா, உங்க கோட்டு."

ஐயாசாமி வெடுக்கென்று பிடுங்கி, போட்டுக்கொள்வதற்காக உதறினான். செங்கோடு காவிக்கட்டியால் இழுத்தது போல் அழுத்தமாக நின்றது. தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் ஆட்களைப் பார்த்துக் கத்திக் கத்திப் பழகிய வாய், எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டது.

"என்னடி இது? கம்பித் துருவைப் போக்குன்னு குடுத்தா இன்னும் ஏத்திக் கொண்டாந்திருக்கே?"

துரையின் பேனா நின்றது.

"என்ன கம்பி, காங்காணி?"

ஐயாசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. கருப்பாயி இடுப்பில் செருகியிருந்த லெட்சுமணன் சட்டையை எடுத்து மேசைமேல் முதுகுக் கோடுகள் தெரிய விரித்தாள். துரை கையை நீட்டிக் கோட்டைக் கேட்டார். ஐயாசாமி அதைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இவளுக்குத் துவைக்கத் தெரியலீங்க தொரை. நான் வீட்டுல குடுத்துத் துவைச்சு..."

"துவைங்க," என்றாள் கருப்பாயி. "சோடா போட்டு மூணு தடவை வேகவெச்சிருக்கேன். நீங்க செத்தாலும் அது போகாது."