லிட்டருக்குப் பதினான்கு கிராம்

அந்தச் சனிக்கிழமை காலை நெயாஃபு ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. பெரிய ஜெனரேட்டரில் ஏதோ கோளாறு, மதியத்துக்குள் சரியாகிவிடும் என்றார்கள். மண்ணெண்ணெய் ஏற்றிப் போக வந்த பலுகி தன் படகைக் கிடங்கின் துறையில் கட்டிவிட்டு, வாசலுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டான். உள்ளே வரமாட்டான். உள்ளே அவன் தங்கை மெலேசெய்னி இருந்தாள். வயது வந்த அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் புழங்குவது எங்கள் டோங்காவில் வழக்கமில்லை. அவர்களுக்குள் ஏதாவது பேச வேண்டியிருந்தால் நான்தான் தூது.

நான் லொபேட்டி. அந்த எண்ணெய்க் கிடங்கில் பீப்பாய் நிரப்புகிறவன். மெலேசெய்னி கிடங்கின் பொறுப்பாளர், என் ஒன்றுவிட்ட அக்காள் மகள். தாய்மாமன் என்பதால் நான் அவளை என்ன கேலி வேண்டுமானாலும் செய்யலாம், அவள் என்னை அதைவிட இரண்டு மடங்கு செய்யலாம்.

மூன்று வாரம் முன்புதான் நிரப்பும் குழாயில் புது மீட்டர் ஒன்று பொருத்தியிருந்தார்கள். கொரியோலிஸ் மீட்டர் என்று பெயர். நியூசிலாந்தில் ஒரு பால் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது மெலேசெய்னி அதைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். பாலோ, பீரோ, தேங்காய் எண்ணெயோ, எதை வேண்டுமானாலும் அளக்கும் என்றாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய இரும்புப் பெட்டியும் மேலே ஒரு கண்ணாடித் திரையும்தான்.

"இந்தக் காசுக்கு ஊருக்கே பன்னி அடிச்சு விருந்து போட்டிருக்கலாம்" என்றேன் அதைப் பொருத்திய அன்று.

"பன்னி எண்ணெய் அளக்காது மாமா. நீங்க அளக்கிற லட்சணத்தைப் பார்த்தா, அதுவே அளந்துடும்போல இருக்கு" என்றாள்.

பிறகு உட்காரவைத்துச் சொல்லியும் கொடுத்தாள். உள்ளே வளைந்த இரண்டு குழாய்கள் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். எண்ணெய் ஓடும்போது அந்த ஓட்டம் குழாயை மயிரிழை அளவு முறுக்கும். ஒரு பக்கம் முந்தும், மறுபக்கம் பிந்தும். எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்து எவ்வளவு எடை ஓடுகிறது என்று சொல்லிவிடும். வெயிலில் எண்ணெய் விரிந்தால் லிட்டர்தான் கூடும், எடை கூடாது. அதனால் ஏமாற்றமே இல்லை. சுற்றுகிற பல்சக்கரம் எதுவும் இல்லாததால் தேய்மானமும் இல்லை. இன்னொன்றும் சொன்னாள். கனமான திரவம் உள்ளே இருந்தால் குழாய் மெதுவாக அதிரும், இலேசானது என்றால் வேகமாக அதிரும். அதனால் போவது எவ்வளவு என்பதோடு, போவது என்ன என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். அன்று காலை அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டில் படகு நகராது, கடை திறக்காது. பலுகி அன்றைக்கே மூன்று வெளித்தீவுகளுக்கும் போய்ச் சேர வேண்டும். கடைசித் தீவான மோட்டுலேக்கா அவன் மனைவியின் ஊர். அங்கே புதிதாகக் கட்டிய தேவாலயக் கூடத்தில் அன்று மாலை பாட்டுப் பயிற்சி, மறுநாள் திறப்பு.

மெலேசெய்னியிடம் போய்க் கேட்டேன். தொட்டி மேட்டில் இருப்பதால் எண்ணெய் தானாகவே இறங்கும், பக்கத்துக் குழாயில் பழைய மீட்டரும் கழற்றாமல் இருந்தது. "பழைய மீட்டர் வழியாவே ஊத்திக் குடுத்துருங்க மாமா. பாவம், அண்ணன் எவ்வளவு நேரம் நிக்கும்" என்றாள். நிரப்பினேன். பல்சக்கரம் கடகடவென்று சுற்றி லிட்டரை எண்ணியது. பலுகி பீப்பாய்களை உருட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

மதியத்துக்குப் பிறகு மின்சாரம் வந்தது. ஊர்க் கடைகளுக்கான பீப்பாய்களைப் புது மீட்டர் வழியாக நிரப்ப ஆரம்பித்தேன். முதல் பீப்பாய் பாதி நிறையும் முன்பே மெலேசெய்னி அலுவலகத்திலிருந்து வெளியே வந்து, வால்வை மூடச் சொன்னாள். அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"எண்ணூறு வரணும் மாமா."

"எவ்வளவு வருது?"

"எழுநூத்தி எம்பத்தாறு."

ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எண்ணூறு கிராம் இருக்க வேண்டும். பதினான்கு கிராம் குறைகிறது. எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. புது மெஷின், ராத்திரி மழையில் நனைந்து ஏதாவது உளறும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. வெயிலின் சூட்டையும் அது கணக்கில் எடுத்துத்தான் சொல்கிறது என்றாள். காற்றுக் குமிழி கலந்திருக்குமோ என்று கேட்டேன். காற்று என்றால் எண் குதித்துக்கொண்டே இருக்கும், இது அசையாமல் நிற்கிறது என்றாள். திரையைப் பார்த்தேன். அசையாமல்தான் நின்றது.

ஒரு கண்ணாடிக் குடுவையில் எண்ணெய் பிடித்து, அடர்த்தி பார்க்கும் மிதவையை அதில் விட்டுப் பார்த்தாள். அதுவும் அதையேதான் சொன்னது. முகர்ந்து பார்த்தோம். பெட்ரோலும் டீசலும் நாள் முழுக்கச் சுவாசிக்கிற எங்கள் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை.

ஒரு தகரத் தட்டில் இரண்டு கரண்டி எண்ணெய் எடுத்துக்கொண்டு, வேலியைத் தாண்டி வெகுதூரம் நடந்து கடற்கரை மணலில் வைத்தோம். நல்ல மண்ணெண்ணெய் என்றால் திரி இல்லாமல் அவ்வளவு சுலபத்தில் பற்றாது. நீளமான தென்னை ஈர்க்கின் நுனியைக் கொளுத்தி நான் நீட்டினேன். தட்டில் படவே இல்லை. ஒரு முழம் இருக்கும்போதே குபீரென்று காற்றே பற்றிக்கொண்டது. என் முன்கை மயிர் கருகிவிட்டது. ஈர்க்கைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

பெட்ரோல். வியாழக்கிழமை கப்பல் வந்து எண்ணெய் இறக்கியபோது மண்ணெண்ணெய்த் தொட்டிக்குள் பெட்ரோல் புகுந்திருக்கிறது. அதன்பிறகு அந்தத் தொட்டியிலிருந்து எடுத்தது அன்று காலைதான். முதலில் அவள்தான் சொன்னாள்.

"காலையில போனது எல்லாம் இதுதான் மாமா."

மூன்று தீவு. அரிக்கேன் விளக்கு, பம்பு அடுப்பு, கூடத்தில் பெட்ரோமாக்ஸ். இருட்டினால் எல்லாரும் ஏற்றுவார்கள். அவள் அலுவலகத்துக்கு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன்.

பலுகியின் படகிலிருந்த வயர்லெஸ்ஸைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை, கரைக்குப் போயிருப்பான். தலைநகர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அங்கே இருந்த மேலாளர், சோதனைச்சாலை முடிவு வராமல் ஊரைக் கலவரப்படுத்த வேண்டாம், திங்கட்கிழமை பேசலாம் என்றார். சரி என்று வைத்துவிட்டு, அதே கையோடு வானொலி நிலையத்துக்குப் போன் போட்டாள்.

எங்கள் தீவுகளில் எந்த வேலையில் இருந்தாலும் கையை நிறுத்திவிட்டுக் கேட்பது மாலையில் வானொலியில் வரும் மரண அறிவிப்பைத்தான். அந்த நேரத்தில் இதைப் படிக்க வேண்டும், இருட்டும்வரை திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்று கேட்டாள். அறிவிப்பாளர் வழக்கமான கேள்வியைக் கேட்டார் போலிருக்கிறது, யார் இறந்தது என்று.

"இன்னும் யாரும் சாகல. அதனாலதான் இன்னிக்கே சொல்லணும்" என்றாள். "என் பேரைப் போட்டே சொல்லுங்க. மெலேசெய்னி சொன்னான்னு சொல்லுங்க."

என் மைத்துனனிடம் மீன்பிடிக்கிற வேகப்படகு ஒன்று உண்டு. அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம். வழியெல்லாம் அவள் மடியில் தண்ணீர்க் கேனை அணைத்துக்கொண்டு மேற்கே சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் தீவில் பீப்பாயைக் கரையோரம் தனியாக உருட்டிவைத்து, ஊரே எட்ட நின்று அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதுதான் ரேடியோவில் சொன்னார்கள் என்றார்கள். "என் பொண்டாட்டி தீப்பெட்டியக் கொண்டுபோய்க் கடல்லயே வீசிட்டா. இனி நாளைக்குச் சுருட்டு எதுல பத்த வைக்கிறது?" என்றார் ஊர்த்தலைவர். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் தீவில் நாங்கள் இறங்கக்கூட இல்லை. கரையிலிருந்தே கைகாட்டி, கேட்டுவிட்டோம் என்று சத்தம் போட்டார்கள்.

மோட்டுலேக்காவை நெருங்கும்போது சூரியன் கடலில் இறங்கிவிட்டது. கூடத்திலிருந்து பாட்டு கேட்டது. குழந்தைகளின் குரல்கள் மேலே, ஆண்களின் குரல்கள் கீழே. பாட்டு கேட்கிறதே, ஒன்றும் ஆகவில்லை என்று நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் பாட்டு நின்றது. கூடத்தின் வாசலில் ஒரு வெளிச்சம் நடந்து வந்தது. வெளிச்சம் பெரிதாகி, வெள்ளையாகி, படார் என்று ஒரு சத்தம். தண்ணீரின் மேல் அந்த ஒளி எங்கள் படகுவரை ஓடி வந்து அணைந்தது.

படகு கரையைத் தொடும் முன்பே மெலேசெய்னி இடுப்பளவு தண்ணீரில் குதித்துவிட்டாள்.

என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் கோத்துப் புரிந்துகொண்டோம். கூடத்தின் கோடியில், பாடுகிறவர்களுக்கு முன்னால் நின்று பலுகிதான் பெட்ரோமாக்ஸை ஏற்றியிருக்கிறான். ஏற்றின கையோடு, அப்போதுதான் ரேடியோவைப் போட்ட பாதிரியாரின் மனைவி சமையல் குடிசையிலிருந்து ஓடி வந்து, மரண அறிவிப்பில் உன் தங்கை பேர் சொல்கிறார்கள் என்று கத்தியிருக்கிறாள். அதற்குமேல் அவளுக்குச் சொல்ல வரவில்லை. அதற்குள் விளக்கின் பக்கவாட்டில் தீ வழிய ஆரம்பித்துவிட்டது. கீழே போட முடியாது. அவனுக்கும் வாசலுக்கும் நடுவில் இரண்டு வரிசையாகக் குழந்தைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பலுகி எரிகிற விளக்கை நெஞ்சுக்கு எட்டத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்தான். ஓடினால் எண்ணெய் சிந்தும் என்பதால் ஓடவில்லை. வாசலைத் தாண்டி மணலில் எறிந்தான். அது காற்றிலேயே வெடித்தது.

நாங்கள் போனபோது அவன் மணலில் முழங்காலிட்டிருந்தான். கைகளை முன்னால் நீட்டியபடி, அவை தன்னுடையவையா என்று பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கைகளைப் பற்றி நான் எழுத மாட்டேன். கூடத்துக்குள் ஒரு குழந்தைகூட அழவில்லை. எல்லாம் இருந்த இடத்திலேயே, பாட்டுக்குத் திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தன.

தங்கையைப் பார்த்ததும் அவன் முகம் கலைந்துபோனது. "நீ செத்துட்டேன்னு நெனச்சேன்" என்றான். "சாவுச் செய்தியில உன் பேருன்னு சொன்னாங்க. நீ போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டேதான் நடந்தேன்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஊரே சுற்றி நின்றது. கேனிலிருந்த தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, அவன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இறக்கினாள்.

"கைய எடுக்காத அண்ணா. தண்ணியிலயே இருக்கட்டும்."

"பசங்கள எண்ணிட்டாங்களா?"

"எண்ணியாச்சு. எல்லாம் இருக்குதுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். பிறகு உடம்பு முழுக்க நடுங்க ஆரம்பித்தான். அவனைப் படகில் படுக்கவைத்து நெயாஃபு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து தலைநகருக்கு அனுப்பினார்கள். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. வலது கை ஓரளவு தேறியது. இப்போதும் படகு ஓட்டுகிறான், சுக்கானை மணிக்கட்டால் பிடித்து. கையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

தலைநகரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மேலாளரும் வந்தார். திங்கட்கிழமை பேசலாம் என்று சொன்னவர் அந்தத் திங்கட்கிழமை எங்கள் முன்னால் உட்கார்ந்து, தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். மெலேசெய்னி அவரை எதுவும் கேட்கவில்லை. பழைய மீட்டர் வழியாக ஊற்றச் சொன்னது தான்தான் என்று முதல் வார்த்தையாகச் சொன்னாள். மின்சாரம் இல்லாவிட்டால் பீப்பாய் நிரம்பக் கூடாது, புது மீட்டரின் அடர்த்தி எண் ஒரு கிராம் பிசகினாலும் வால்வு தானாக மூட வேண்டும், பழைய குழாயை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றாள். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அன்றே நான் என் கையால் அந்தக் குழாயை அறுத்தேன்.

பெட்ரோல் குழாய்க்கும் மண்ணெண்ணெய்க் குழாய்க்கும் நடுவிலிருந்த வால்வைக் கழற்றிப் பார்த்தபோது எல்லாரும் குனிந்து நின்றோம். நான் உள்ளே ஏதோ பெரிய உடைசல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அடைக்கிற ரப்பர் வளையத்தில் ஒரு கிழிசல். என் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. மெலேசெய்னி அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு கிழிசலை நகத்தால் தடவிப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பீப்பாய்களை நிரப்பியது என் கை.