பிரஸ்ஸல்ஸில் இல்லாத வீடு

ஐலீன் ரோபக்கை முதன்முதலில் நகரமன்றத்துக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். பின்னால் நான் அவளுக்குச் செய்தது என்னவென்று ஹார்ல்ஸ்கேட் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். முதலில் செய்தது பாதிப் பேருக்கு மறந்துவிட்டது.

அது 1987ஆம் வருடம். அவள் மீன் வெட்டும் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் கட்சிக் கிளையின் செயலாளர். இரண்டு பேரும் மழையில் நனைந்துகொண்டு துறைமுக வார்டின் ஒவ்வொரு கதவையும் தட்டினோம். ஜெயித்து உட்கார்ந்த முதல் கூட்டத்திலேயே, நகரமன்றம் கட்டிக்கொடுத்த குடியிருப்பின் சுவரிலிருந்து பூசணம் பிடித்த அலங்காரக் காகிதத்தை ஒரு முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டுவந்து தலைவரின் மேசைமேல் விரித்தாள். "இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் உங்க குழந்தை படுக்கிற ரூம்ல ஒட்டுங்க" என்றாள். நாற்றம் தாங்காமல் கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். அந்தக் குடியிருப்புக்குப் புதுக் கூரை வந்தது.

பன்னிரண்டு வருடம் நகரமன்றத்தில் இருந்தாள். கடைசி நாலு வருடம் அதன் தலைவியே அவள்தான். பிறகு 1999இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனாள். திங்கள்கிழமை பிரஸ்ஸல்ஸுக்குக் கிளம்புவாள், வெள்ளிக்கிழமை கடைசி ரயிலில் திரும்புவாள், சனிக்கிழமை காலை நூலகத்தில் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் குறை கேட்பாள். ஆரம்பத்தில் வரிசை வாசல்வரை நிற்கும். பத்து வருடத்தில் அது நாலைந்து பேராகச் சுருங்கியது. அங்கே அவள் என்ன செய்கிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. அவளும் புரியும்படி சொல்லவில்லை. எதைக் கேட்டாலும், "அது கமிட்டில இருக்கு" என்பாள்.

2013இல் மிதவலைத் தடைச் சட்டம் வந்தது. கரையோரச் சிறுபடகுகள்கூட அந்த வலையைப் போடக் கூடாது என்றது அது. என் தம்பி ராய் வைத்திருந்தது அப்படி ஒரு படகுதான். ஹார்ல்ஸ்கேட்டில் மொத்தம் பதினாலு பேர் அந்த வலையை நம்பியிருந்தார்கள். மீனவர் மண்டபத்தில் ஐலீன் அவர்களுக்கு நடுவில் நின்று, "நான் இருக்கிற வரைக்கும் உங்க வலைய யாரும் தொட முடியாது" என்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து வாக்கெடுப்பு நடந்தது. அவள் தடைக்கு ஆதரவாக வாக்களித்தாள்.

அந்தச் சனிக்கிழமை நூலகத்துக்குப் போகாமல் நேராக மீனவர் மண்டபத்துக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. யாரும் நாற்காலி போடவும் இல்லை.

"கைய தூக்கினது நீதானே?" என்று ராய் கேட்டான்.

"ஆமா, நான்தான்."

"எதுக்கு?"

"ஆதாரத்தப் படிச்சேன் ராய். தெற்குக் கடல்ல அந்த வலைல மாட்டி டால்பின் கூட்டம் கூட்டமா சாகுது. உங்களுக்கு மட்டும் விலக்கு கேட்டேன், தரல. எல்லாருக்கும் தடை, இல்லன்னா யாருக்கும் இல்லன்னு வந்துடுச்சு. ரெண்டுல ஒண்ண எடுக்கணும்."

"எங்க வலைல ஒரு டால்பின் மாட்டி நீ பாத்திருக்கியா?"

"இல்ல."

பின்னாலிருந்து ஒருவன், "பதினாலு வருஷமா பெல்ஜியத்து சாக்லேட் தின்னு மூளை இளகிப்போச்சு" என்றான். சிரித்தார்கள்.

ஐலீன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "வாக்கு கொடுத்தேன். மீறிட்டேன். மறைக்க வரல. திட்டணும்னா திட்டுங்க."

"திட்டறதுக்கு நீ எங்களுக்கு யாரு?" என்றான் ராய். அவ்வளவுதான். எல்லோரும் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். நானும்தான்.

அழுதிருந்தாலோ, கட்சி கட்டாயப்படுத்தியது என்று ஒரு பொய் சொல்லியிருந்தாலோ விட்டிருப்போம் என்று நினைக்கிறேன். நான் யோசித்துத்தான் செய்தேன் என்று நின்றாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ராய் படகை விற்றான். நாற்பது மைல் தள்ளி ஓர் ஊரில் லாரி ஓட்டப் போனான்.

அடுத்த ஐரோப்பியத் தேர்தலுக்கு அவளை வேட்பாளர் பட்டியலில் மேலே வைக்கக் கூடாது என்று எங்கள் கிளை தீர்மானம் போட்டது. முன்மொழிந்தவன் நான். மற்றத் துறைமுக ஊர்களும் சேர்ந்துகொண்டன. கட்சிக்குக் கிடைக்கும் இடங்கள் பட்டியலில் மேலிருந்துதான் நிரம்பும்; அவள் பெயர் ஐந்தாவதாக இறங்கியது. அந்த இடத்திலிருந்து யாரும் ஜெயிப்பதில்லை. பதினைந்து வருடம் அத்தோடு முடிந்தது.

அவள் வீட்டில் அடங்கி இருப்பாள் என்று நினைத்தேன். 2015 மே மாதம் நகரமன்றத் தேர்தலில் துறைமுக வார்டில் சுயேச்சையாக நின்றாள். அப்போது அந்த வார்டின் உறுப்பினர் நான்தான். மனுத் தாக்கல் செய்துவிட்டு வெளியே வந்தவள் என்னைப் பார்த்து, "எனக்குக் கதவு தட்டக் கத்துக்கொடுத்தது நீதான் நெவில். இப்ப உன் ஆளுங்க கதவத் தட்டறேன்" என்றாள்.

நன்றாகவே தட்டினாள். கடைசி வாரத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு துண்டறிக்கை எழுதினேன். 'உங்களுக்கு ஹார்ல்ஸ்கேட்டில் நகரமன்ற வீடு கிடைக்க எட்டு வருடம் காத்திருக்க வேண்டும். ஐலீன் ரோபக்குக்கு பிரஸ்ஸல்ஸில் சொந்த வீடு இருக்கிறது.' ஆயிரத்து இருநூறு வீடுகளின் கதவிடுக்கில் போட்டோம்.

அது பொய். பொய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது பிறகு வெளியே வந்தது.

இருபத்து மூன்று வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தேன். எண்ணிக்கை முடிந்ததும் புகைப்படக்காரர் முன்னால் அவள் வந்து கைகொடுத்தாள். முகத்தில் சிரிப்பு. குரலை மட்டும் தாழ்த்தி, "அந்த வீட்டுச் சாவிய அனுப்பி வை. நான் இன்னும் உள்ள போய்ப் பாக்கல" என்றாள்.

வேட்பாளரைப் பற்றித் தெரிந்தே பொய் சொல்லி ஜெயித்தால் தேர்தல் செல்லாது. அதற்கு வழக்கு மனுப் போட இருபத்தொரு நாள் அவகாசம். பதினெட்டாவது நாள் போட்டாள். விசாரணை இலையுதிர் காலத்தில் நகரமன்றக் கூடத்திலேயே நடந்தது. வக்கீல் வைக்காமல் அவளே வாதாடினாள். என்னைக் கூண்டில் ஏற்றி, வாழ்நாளில் முதல்முறையாக 'நீங்கள்' போட்டுப் பேசினாள்.

"2003 அக்டோபர்ல பிரஸ்ஸல்ஸுக்கு வந்தீங்களா?"

"வந்தேன்."

"எங்க தங்கினீங்க?"

"உங்க இடத்துல."

"எத்தனை ரூம்?"

"ஒண்ணு. சலவைக்கடைக்கு மேல. வாடகை ரூம்."

"நீங்க எதுல படுத்தீங்க?"

"கட்டில்ல."

"நான்?"

நீதிபதி பதில் சொல்லச் சொன்னார்.

"நாற்காலில" என்றேன்.

"அதுக்கப்புறம் நான் அங்க வீடு வாங்கினதா யாராவது சொன்னாங்களா?"

"இல்ல."

"வேற கேள்வி இல்ல."

தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மூன்று வருடம் எந்தத் தேர்தலிலும் நிற்க எனக்குத் தடை. ராய் அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்தான். "நடந்ததச் சொல்லியே அவள அடிச்சிருக்கலாம். எங்க பதினாலு பேரு கதை போதாதா? எதுக்குடா பொய்? இப்ப நாங்க எல்லாரும் பொய்யனுங்கன்னு ஆயிடுச்சு." அவனும் நானும் சரியாகப் பேசிக்கொண்டு பல வருடம் ஆகிறது.

இடைத்தேர்தலில் ஐலீன் மறுபடி நின்றாள். அந்த இடம் தனக்குத்தான் என்று நம்பினாள். ஆனால் கதவு திறந்தவர்கள், "ஊர கோர்ட்டுக்கு இழுத்தவ தானே நீ" என்று சொல்லி மூடினார்கள். வலையை மறக்காதவர்கள் திறக்கவேயில்லை. நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்த ஷேன் பிட் என்பவன் ஜெயித்தான். அவன் எதைப் பற்றியும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதுவே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த மார்ச்சில் துறைமுகத்து ஐஸ் ஆலையை மூடும் தீர்மானம் நகரமன்றத்துக்கு வந்தது. பார்வையாளர் பகுதியில் நான் ஒரு ஓரம், அவள் மறு ஓரம். மிச்சமிருக்கும் படகுகளுக்கு ஐஸ் இல்லையென்றால் பிடித்த மீன் கரைக்கு வருவதற்குள் வீணாகும். ஷேன் பிட் காகிதத்தைப் புரட்டாமலே கையைத் தூக்கினான். ஐலீன் எழுந்து, "பக்கம் ஒன்பதப் படிச்சியா? படிக்கத் தெரியுமா உனக்கு?" என்றாள். தலைவர் அவளை வெளியேற்றச் சொன்னார். தீர்மானம் நிறைவேறியது.

நான் வெளியே வந்தபோது அவள் படியில் நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ அந்த சீட்ல இருந்திருந்தா எதிர்த்திருப்ப" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"நீ இருந்திருந்தாலும் எதிர்த்திருப்ப."

"ஆமா."

அவள் கடைசிப் பொத்தானையும் போட்டாள்.

"இதுக்காக உன்ன மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத" என்றாள்.

"நான் மட்டும் உன்ன மன்னிச்சுட்டேனா?"

அவள் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். எனக்கும் அதே பேருந்துதான். அவள் ஏறிப் போகட்டும் என்று படியிலேயே நின்றேன்.