இரண்டும் இடது கை

தையல் கடைக்கு வாடிக்கையான லைப்ரரியம்மா சாயங்காலம் வாங்கிப்போக வேண்டிய கோட்டை மேசையில் விரித்ததுமே அக்கா தப்பைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையும் இடது பக்கத்துக்கு வெட்டியவை. துணியை மடித்து வெட்டாமல், இரண்டு துண்டிலும் நல்ல பக்கம் மேலே பார்க்கப் போட்டு வெட்டினால் இந்தக் கூத்துதான் நடக்கும். வெட்டியதும் தைத்ததும் தங்கை. இஸ்திரியும் போட்டு, தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தாள் மகராசி.

அக்காவின் விரல்கள் தாமாகவே இரண்டாவது டிராயருக்குப் போயின. தையல் பிரிக்கிற சின்னக் கத்தி அதில்தான் இருக்கும். கடை திறந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். தங்கை வீட்டுக்குக் கிளம்பியதும் அவள் தைத்ததையெல்லாம் அக்கா எடுத்துப் பார்ப்பாள். கோணலைப் பிரிப்பாள், திரும்பத் தைப்பாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி மாட்டி வைப்பாள். மறுநாள் வருகிறவர்கள் தங்கையைப் பாராட்டும்போது இவளுக்கு உள்ளூர இனிக்கும். நான் இல்லாவிட்டால் இவள் என்ன செய்வாள் என்ற நினைப்பை மிட்டாய் மாதிரி வாயில் ஒதுக்கிக்கொண்டுதான் இத்தனை வருஷம் உழைத்தாள்.

மணிக்கட்டு வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனாள். அங்கேயும், "சீக்கிரம் பாத்து அனுப்புங்க டாக்டர், என் தங்கச்சி கடையில தனியா இருக்கா" என்றுதான் ஆரம்பித்தாள்.

"வலி உங்களுக்கா, தங்கச்சிக்கா?" என்று கேட்டார் அவர்.

சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் தினமும் சாயங்காலம் கைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், வரச் சொன்னார் டாக்டர். பிரிக்க ஏதாவது இருந்துகொண்டே இருந்ததால் ஒரு நாளும் போகவில்லை. இன்று காலை சீப்பைப் பிடிக்க முடியாமல் கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். அழுது முடித்தபோதுதான் உறைத்தது: தங்கை தன் தப்பைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்க இவள் விட்டதில்லை. அதைப் பாசம் என்று சொல்லிக்கொண்டதில் பாதி பொய்.

டிராயரை மூடினாள்.

"இங்க வா. இந்தக் கோட்டைப் போட்டுப் பாரு."

தங்கை போட்டுக்கொண்டாள். வலது தோளில் துணி முறுக்கிக்கொண்டு நின்றது.

"என்னக்கா, இப்படி இழுக்குது?"

"ரெண்டும் இடது கை."

"ஐயையோ! அந்தம்மா வந்துருவாங்களே. நீ கொஞ்சம் பாத்துக்கோக்கா."

"நான் பாக்க மாட்டேன். மிச்சத் துணியில ஒரு கை வெட்டலாம், நீ வெட்டு. அவங்களுக்குப் போன் பண்ணி நீயே சொல்லு."

தங்கையின் முகம் சுண்டிப்போனது. "இதுவரைக்கும் நான் ஒரு தப்பாவது பண்ணிருக்கேனா? ஒரு தடவைக்குப் போய் இப்படிப் பேசுற."

"நெறைய பண்ணிருக்க. நீ போனப்புறம் நான் பிரிச்சுத் தச்சுருவேன்."

தங்கை கோட்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எனக்குத் தைக்கவே வராதா?"

"வரும். பிரிக்கத்தான் தெரியாது."

அக்காவுக்கு அவளை அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அணைத்தால் கோட்டையும் கையில் வாங்கிவிடுவாள் என்று அவளுக்கே தெரியும். கைப் பயிற்சிக்குக் கிளம்பப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தங்கை போனில் லைப்ரரியம்மாவிடம், "என் தப்புதாம்மா, நாளைக்குக் குடுத்துடறேன்" என்று திக்கித் திணறிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள் போலிருக்கிறது. போனை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, பிரிக்கிற கத்தி எங்க இருக்கு?"

வாசலில் அக்கா ஒரு கணம் நின்றாள். இத்தனை வருஷமாக ஒரே மேசையில் வேலை செய்கிறார்கள்.

"ரெண்டாவது டிராயர்."

படியில் இறங்கும்போது பின்னால் துணி சர்ரென்று கிழிகிற சத்தம் கேட்டது. "ச்சே" என்றாள் தங்கை. அக்காவின் கால் நின்றுவிட்டது. வீங்கிய மணிக்கட்டை மறு கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து யாரும் அக்கா என்று கூப்பிடவில்லை. நாற்காலியை வெளிச்சத்துப் பக்கம் இழுத்துப் போடுகிற சத்தம் மட்டும் வந்தது. அவள் அடுத்த படியில் காலை வைத்தாள்.