பிள்ளையார் சுழி அளவில் மணமகள்

ரூமானா கடலூரில் பஸ் ஏறியதிலிருந்து வைத்திலிங்கம் ஓயாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பேரு எறும்பு சைஸ்ல வருதும்மா! பொண்ணோட மாமா கடையில வந்து குதிக்கிறாரு."

சிதம்பரத்தில் அவருக்குச் சொந்தமாக அச்சகம். கல்லூரி வேலையை உதறிவிட்டு ரூமானா எழுதிய கல்யாணப் பத்திரிகை டிசைன் சாப்ட்வேரை, 2008 தையில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டவர். அவர் வேண்டாமென்றால் அந்த வீதியில் வேறு யாரும் தொடமாட்டார்கள்.

கடைக்குள் நுழைந்ததுமே சொல்லிவிட்டார்: "சாயங்காலத்துக்குள்ள சரியாவலைன்னா பழசுக்கே போயிடுவேன்."

ஸ்டூலில் பெண்ணின் மாமா சிங்காரம் முறைத்துக்கொண்டிருந்தார்.

"சௌந்தரம், எப்பவும் செய்யற மாதிரியே செய். நான் பாக்குறேன்," என்றாள் ரூமானா.

ஆபரேட்டர் சௌந்தரம் போன வாரக் கல்யாணத்தின் பத்திரிகையைத் திறந்தாள். அந்தக் கடையில் யாரும் வெறும் பக்கத்தில் ஆரம்பிப்பதில்லை. 'செல்வி' என்பதை அப்படியே விட்டுவிட்டு, பழைய பெயரை அழித்து 'லோகநாயகி' என்று அடித்தாள்.

'செல்வி' தங்க நிறத்தில் பெரிதாக நின்றது. லோகநாயகி சிவப்பில், பொடியாக வந்தாள்.

ரூமானாவின் கண் மேலே போனது. உச்சியில் அதே சிவப்பு. அதே பொடி அளவு. பிள்ளையார் சுழி!

"புது எழுத்து முன்னாடி இருக்குற எழுத்தோட அளவை எடுத்துக்கணும். இது மொத்த எழுத்தும் இருக்குற பெட்டியோட மொதல் எழுத்தை, அந்தச் சுழியைப் பாத்து எடுத்துக்குது. நான் வெறும் பேரை மட்டும் அடிச்சு டெஸ்ட் பண்ணேன், தெரியல."

"சுழிக்குப் பதிலா நீங்க 786 போடறதில்லியாக்கா?" என்றாள் சௌந்தரம்.

"பத்திரிகைக்குப் போடுவோம். டெஸ்ட்டுக்கு யாருடி போடுவா?" ரூமானா வைத்திலிங்கத்திடம் திரும்பினாள். "அண்ணே, இன்னிக்கி மட்டும் சுழிய எடுத்துட்டு, கடைசியில போட்டுக்கலாமா?"

"கடைசியில போட்டா அது சுழியா? கடையை மூடிட்டுப் போறேன்."

ரூமானா லேப்டாப்பைத் திறந்தாள். தப்பு இருந்தது ஒரே வரியில். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் சிங்காரம் இரண்டு டீ முடித்திருந்தார். திருத்தி, கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

சௌந்தரம் மறுபடி அழித்து, அடித்தாள்.

லோகநாயகி. தங்க நிறம். 'செல்வி'யின் அளவு.

சிங்காரம் திரைக்குள் தலையை விட்டார். "மாப்ள பேரை விட சின்னதா தெரியுதே?"

"ஒரே சைஸுதான் மாமா," என்றாள் சௌந்தரம்.

"அப்ப இன்னும் ஒரு சுத்து பெருசாக்கு."

பெருசாக்கினாள். பக்கத்து எழுத்து எதுவும் அசையவில்லை.

வைத்திலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "சௌந்தரம், அந்தப் பழைய சாப்ட்வேரைத் தூக்கிடு. சும்மா எடத்தை அடைச்சிக்கிட்டு."